வலது பக்கக் கணக்கு

2015 ஆகஸ்ட் கடைசியில் நாகர்கோவிலில் எங்கள் அரசு ஊழியர் சங்கக் கூட்டம் நடந்தது. அந்த மாதம் 18ஆம் தேதிதான் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் படிக்க வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவு போட்டிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, “நீதிமன்றம் சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இந்த ஜூன் மாதமே என் மகளை ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டேன்” என்றேன். எழுபது பேர் இருந்திருப்பார்கள். கைதட்டல் ஓயச் சற்று நேரம் ஆனது. தலைவர் தமக்குப் போட்ட சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்த மேடையில் நான் பொய்தான் சொன்னேன். என் வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தான். மகளுக்கு மூன்று வயது மூத்தவன். அன்று அவன் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லவில்லை. மகளை ஏன் அரசுப் பள்ளியில் சேர்த்தேன் என்பதையும் சொல்லவில்லை. அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு தோவாளை தாலுகாவில் இருக்கிறது. ஊர் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் “ஆறாம் கிளாசுக்கு எங்கே?” என்ற பேச்சு ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடக்கும். வழி மூன்று. பக்கத்து ஊரில் அரசுப் பள்ளி. நாகர்கோவில் போனால் சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் எய்டட் பள்ளிகள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் அவர்களுடையது. மூன்றாவது, மெட்ரிக் என்றும் சி.பி.எஸ்.இ. என்றும் வேனில் எழுதிக்கொண்டு தெருவுக்குள் வரும் தனியார் பள்ளிகள். அரசு மானியம் கொடுத்து மற்றவர்களைப் பள்ளி நடத்த வைக்கும் முறை எங்கள் நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே பழகிப்போனது. குமரி மாவட்டத்தில் எய்டட் பள்ளியில் படித்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம்.

மகன் ஆறாம் வகுப்புக்குப் போனது 2012இல். அவனுக்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். நான்கு பள்ளிகளுக்குப் போனேன். லேப் எப்படி, விளையாட்டு மைதானம் உண்டா, பத்தாம் வகுப்பு முடிவு என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஜி.பி.எஃப். கடன் போட்டு, ரசீது இல்லாத தொகையும் ரசீதுள்ள தொகையுமாகக் கட்டிச் சேர்த்தேன். டை கட்டிய முதல் நாள், வேன் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அவனை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன்.

மகளுக்காக நான் செலவழித்தது ஒரு மதியம். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்தேன், விண்ணப்பம் வாங்கினேன், பூர்த்தி செய்தேன், கொடுத்தேன். நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

மனைவிக்கு வேறு எண்ணம் இருந்தது. டவுனில் நல்ல பெயரெடுத்த எய்டட் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டும் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒருக்கா போய்க் கேட்டுப் பாக்கலாமே. ஃபீஸும் பெருசா இல்லியாம். போக்குவரத்துக்குத்தான் கொஞ்சம் ஆகும்.”

“பொம்பளப் பிள்ள ரெண்டு பஸ் மாறிப் போகணுமா? பக்கத்துலயே ஸ்கூல் இருக்குல்லா?”

“அவன் மட்டும் வேன்ல போறாம்லா?”

நான் பதில் சொல்லவில்லை. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

பணம் இல்லாமல் இல்லை. மகள் பேரில் மாதம் 2,000 ரூபாய் நகைச்சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மாதம் கட்டி, பன்னிரண்டாம் மாதம் நகையாக எடுத்து, மறுநாளே அடுத்த சீட்டு. எங்கள் பக்கத்தில் பெண்குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்களே இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். குமரி மாவட்டத்துச் சீதனக் கணக்கு ஊரறிந்தது. பெண்ணின் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் பவுன் எத்தனை என்று கேட்பார்கள். என் அம்மா ஒரு படி மேலே போய், “படிப்பு கூடுனா அதுக்கேத்த மாப்பிள பாக்கணும். அவனுக்குப் பவுனும் கூடுதலா கேப்பான்” என்பாள். அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். நான் பட்டதாரி. ஆனாலும் அவள் சொன்ன கணக்கைத்தான் நான் போட்டேன். மகன் படிப்புக்கு ஒரு தொகை, மகள் கல்யாணத்துக்கு ஒரு தொகை. மகள் படிப்பு என்று ஒரு தலைப்பு என் மனதில் இருக்கவே இல்லை. அதற்குச் செலவில்லாத இடம் போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த மே மாதத்தில் மகள் என்னிடம் கேட்டாள். அண்ணனின் பழைய ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பா, நானும் அண்ணன் ஸ்கூலுக்குத்தானே?” என்றாள்.

“ஒனக்கு அத விட நல்ல ஸ்கூல் பாத்திருக்கேன் மக்ளே” என்றேன்.

அவள் நம்பினாள். ஏழு வருஷம் நம்பினாள். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அண்ணன் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் என் மேடைகள் தொடங்கின. சங்கக் கூட்டம், நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆண்டுவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் பேசப் போனேன். 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்கள் கல்விக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டதைச் சொல்வேன். 1819இல் நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியதைச் சொல்வேன். மார்த்தா மோல்ட் அம்மையார் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அதில் வந்த பணத்தில் பள்ளியை நடத்தியதைச் சொல்வேன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலில் நிற்பது நம் மாவட்டம், கிட்டத்தட்ட 92 சதவீதம் என்று முடிப்பேன். அதே ஆண்டு ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்ததைச் சொல்லி, அடுத்த வாக்கியத்தில் என் மகளைச் சொல்வேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் வைத்தேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. தம் மகளை எங்கே சேர்ப்பது என்று அவர் யோசித்து முடிவெடுத்தார். நான் யோசிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் விட அந்த லேஸ் கதை என்னைக் குத்துகிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் கைவேலை அவர்கள் படிப்புக்குப் பணமானது. என் வீட்டில் பெண்பிள்ளைக்கு வைத்த பணம் பூட்டிய பெட்டிக்குள் வளையலாகக் கிடந்தது. இதைத் தெரிந்துகொண்டே மேடையில் ஏறினேன்.

அந்த வருஷங்களில் காலையில் 7.40க்கு வேன் வந்து மகனை ஏற்றிக்கொண்டு போகும். 8.15க்கு மகள் பாஸை எடுத்துக்கொண்டு அரசு பஸ்ஸுக்குப் போவாள். கையில் டிபன் பாக்ஸ் கிடையாது, சத்துணவு உண்டு. அவள் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவள் ஆசிரியர்களும் குறை வைக்கவில்லை. அறிவியல் டீச்சர் ஒருவர் குளத்துத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் வரிசையாகப் பார்க்க வைத்தாராம். அன்று இரவு சாப்பிடும்போது அவள் கையால் வரைந்து வரைந்து காட்டினாள். “ம்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண் மகனின் ரேங்க் கார்டில் இருந்தது.

2020இல் ஊரடங்கு வந்தது. மகன் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம், அவனுக்கு ஆன்லைன் கிளாஸ் என்று லேப்டாப் வாங்கினேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. அவளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. என் அம்மா சீரியல் பார்த்து முடித்த பிறகு ரிமோட் அவள் கைக்கு வரும்.

அந்த அக்டோபர் கடைசியில்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது கிடையாது. முதல் வருஷமே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். ஆறாம் வகுப்பில் எந்த வாசலுக்குள் நுழைந்தோம் என்பது அன்று முதல் சட்டப்படியே பெரிய விஷயமாகிவிட்டது. நான் அதையும் விடவில்லை. சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில் இருபது நிமிஷம் அந்தச் சட்டத்தைப் பாராட்டிப் பேசினேன்.

பேசி முடித்த சில வாரங்களில் மகளின் உயிரியல் டீச்சர் போன் செய்தார்.

“சார், பிள்ளையை நீட்டுக்குத் தயார் பண்ண விடுங்க. முன்ன மாதிரி இல்ல, இப்ப அரசுப் பள்ளிப் பிள்ளையளுக்கு இடம் இருக்கு. டவுன்ல ஒரு கோச்சிங் கிளாஸ் சேத்துவிட்டா நல்லது. அவளுக்கு ஆசையும் இருக்கு.”

“பாப்போம் டீச்சர்” என்றேன்.

மகனை இரண்டு வருஷம் ஜே.இ.இ. கோச்சிங்குக்கு அனுப்பியவன் நான். அவன் அதில் தேறவில்லை. தேறாவிட்டாலும் எழுதட்டும், அனுபவம்தானே என்று அனுப்பினேன். மகளுக்கு அந்த அனுபவம் தேவை என்று தோன்றவில்லை. கிளாஸ் விட்டு வர இருட்டிவிடும் என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். அந்த மாதம் ஒரு சீட்டு முதிர்ந்திருந்தது. நகைக்கடையில் உட்கார்ந்து வளையல் பார்த்தோம். எழுதியிருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. எழுத விடவில்லை, அதைத்தான் சொல்கிறேன். டீச்சர் போன் செய்ததைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை. டீச்சர்தான் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வழியாகப் போகும் பஸ்ஸில் அவளோடு உட்கார்ந்து போகும்போதெல்லாம், நான் வெளியே பார்ப்பதில்லை.

2022 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று சொன்னார்கள். சான்றிதழ்களைத் தேடி பீரோவைத் திறந்தாள். சால்வைக்குக் கீழே என் பேரேடு இருந்தது.

அலுவலகப் பழக்கத்தில் வீட்டுக் கணக்கையும் நான் பேரேட்டில்தான் எழுதுவேன். ஒவ்வொரு வருஷமும் இடது பக்கம் மகன் பெயர், வலது பக்கம் மகள் பெயர். இடது பக்கத்தில் அட்மிஷன், டேர்ம் ஃபீஸ், வேன், யூனிபாரம், ஷூ, கராத்தே, டியூஷன், கோச்சிங், லேப்டாப் என்று வரி வரியாக இறங்கி அடுத்த தாளுக்குப் போகும். வலது பக்கத்தில் மாதம் ஒரு வரி. நகைச்சீட்டு 2,000. நகைச்சீட்டு 2,000. நகைச்சீட்டு 2,000. பொங்கலுக்கும் ஆண்டுப் பிறப்புக்கும் எடுத்த துணி நடுவில் எங்காவது வரும். பத்து வருஷப் பேரேட்டில் அவள் பக்கத்தில் ‘படிப்பு’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை. புத்தகம் படிக்கிறவள் போல இருந்தாள்.

“எனக்கு ஸ்கூலுக்கு எவ்வளவு ஆச்சுன்னு பாத்தேன்பா. சீட்டு மட்டுந்தான் இருக்கு” என்றாள்.

சிறிது நேரம் கழித்து, “நல்ல ஸ்கூல்தான் அது. நீங்க பாத்து சேத்தீங்கன்னு நெனச்சேன்” என்றாள். பேரேட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். சால்வையை அதன்மேல் முன்பிருந்தது போலவே மடித்து வைத்தாள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அதன் கதையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் நடந்துவந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். 2011இல் பண உதவியோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தார்கள். 2016இல் அது 8 கிராம், ஒரு பவுன் ஆனது. 2022இல் அதே அம்மையார் பெயரிலேயே அந்தத் திட்டத்தைப் பெண்களின் உயர்கல்விக்கு மாற்றிவிட்டார்கள். மணமேடைக்குப் போன பணம் கல்லூரி மாணவியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஓர் அரசாங்கம் தன் பேரேட்டில் தலைப்பை மாற்றி எழுதிவிட்டது. அந்த அரசாங்கத்தில் சம்பளம் வாங்கும் நான் என் பேரேட்டில் எழுதவில்லை. மகளின் படிப்புக்கென்று மாதாமாதம் வந்த முதல் பணம், அந்த 1,000 ரூபாய்தான். அதுவும் என் கையிலிருந்து வந்ததல்ல.

இதைக் கேட்கும் நண்பர்கள் என்னைத் தேற்றுகிறார்கள். “இப்ப என்ன குறஞ்சு போச்சு? பிள்ள டிகிரி முடிச்சுட்டால்லா? அரசுப் பள்ளியில படிச்சதுனாலதான் உதவித்தொகையும் கிடைச்சுது. நீரு செஞ்சது சரியாத்தான் முடிஞ்சிருக்கு” என்கிறார்கள். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு நல்லது நடந்தது என்றால் அதைச் செய்தவர்கள் அந்தப் பள்ளி ஆசிரியர்கள். சமைத்துப் போட்ட சத்துணவு அம்மாக்கள். மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்த டீச்சர். அந்தப் பள்ளியை நான் நல்ல பள்ளி என்று அறிந்து சேர்க்கவில்லை. மகனுக்கும் நகைக்கும் ஒதுக்கிய பிறகு எனக்குச் செலவு வைக்காத இடம் என்று சேர்த்தேன். என் மகளையும் இரண்டாவதாக நினைத்தேன், அந்தப் பள்ளியையும் இரண்டாவதாக நினைத்தேன். பிறகு இரண்டையும் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். இரண்டு பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மகளிடம் கேட்டேன். நகையை விற்றுவிடலாம், மேலே படிக்க எங்கே வேண்டுமானாலும் போ என்றேன். “எம்.எஸ்ஸி.க்கு வேணும்னா கேக்கேன்பா. இப்ப வேண்டாம்” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்து, “ஸ்கூலக் கொறச்சு எழுதிராதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

இந்த மே மாதமும் எங்கள் தெருவில் ஆறாம் வகுப்பு விண்ணப்பங்களோடு அப்பாக்கள் நிற்பார்கள். அரசுப் பள்ளியா, எய்டடா, தனியாரா என்று என்னிடம் கேட்க வருவார்கள். பேசிப் பேசி அப்படி ஒரு பெயரை வாங்கி வைத்திருக்கிறேன். இனி வருகிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். மகளுக்காகப் பார்த்திருக்கும் இந்தப் பள்ளியில் உங்கள் மகனையும் சேர்ப்பீர்களா? சேர்ப்பேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிந்தால், எந்தப் பள்ளியானாலும் தைரியமாகச் சேருங்கள். பதில் சொல்லாமல் பேப்பரை விரிக்கத் தோன்றினால், விண்ணப்பத்தை வைத்துவிட்டு ஒரு நாள் அந்தப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். மகனுக்காக அலைந்த அத்தனை நாளும் மகளுக்காகவும் அலையுங்கள்.

எழுத்தர் வேலையில் ஒரு விதி உண்டு. அனுப்பிய கடிதத்தில் பிழை தெரிந்தால், அந்தக் கடிதம் யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும். 2015 ஆகஸ்டில் அந்த அறையில் கைதட்டிய எழுபது பேருக்கும் இது என் திருத்தம். மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தேன் என்று சொன்னேன். சேர்த்தது உண்மை. கொள்கைக்காகச் சேர்க்கவில்லை. அவள் படிப்புக்கு என் பேரேட்டில் ஒரு வரிகூட ஒதுக்காததால் சேர்த்தேன்.